பெறும் கணினிக்குள் தொலையும் பாக்கெட்டுகள்

நான் வேலை பார்க்கும் கேபிள் கண்ட்ரோல் ரூமில், 24 சேனல்களை இரவும் பகலும் பதிவு செய்யும் லினக்ஸ் கணினி ஒன்று இருக்கிறது. படத்தையும் ஒலியையும் சுருக்கி அனுப்பும் என்கோடர்களிலிருந்து, ஒரே ஓட்டத்தைக் கேட்பவர் அனைவருக்கும் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையில் வந்து சேரும் ஒவ்வொரு சேனலும் விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் அளவு கொண்டது. பதிவுகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைவதும், ஒலி ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடர்வதும் நாளுக்குப் பலமுறை நிகழ்ந்தன. ஆனால் அதே சுவிட்சின் அடுத்த போர்ட்டில் செருகியிருந்த ரிசீவரில், அதே சேனல், அதே நொடியில், எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. தரவு சிறு பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாக வருகிறது; அவை தொலைகின்றன என்பதில் எங்களில் யாருக்கும் ஐயம் இல்லை. எங்கே தொலைகின்றன என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருந்தது. கேபிளை மாற்றினோம், சுவிட்ச் போர்ட்டை மாற்றினோம், பயனில்லை. அதன் பிறகுதான் ஊகத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

முதலில் சுமையின் அளவைக் கணக்கிட்டேன். படமும் ஒலியும் கலந்து வரும் வடிவமான டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமின் ஒரு துண்டு 188 பைட். அப்படி 7 துண்டுகளைச் சேர்த்து 1,316 பைட் கொண்ட ஒரு யூடிபி பாக்கெட்டாக என்கோடர் அனுப்புகிறது. பாக்கெட்டுக்கு வரிசை எண் இடும் ஆர்டிபி முறையில் அனுப்பினால் அதன் முன் 12 பைட் தலைப்பு சேரும். 5 மெகாபிட் சேனல் ஒன்றுக்கு விநாடிக்குச் சுமார் 475 பாக்கெட்டுகள். 24 சேனல்களுக்கு 11,400. ஒரு கிகாபிட் இணைப்பு முழு அளவுப் பாக்கெட்டுகளை விநாடிக்கு 81 ஆயிரத்துக்கு மேல் கொண்டுவர வல்லது என்பதால், எங்கள் சுமை அதன் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குதான். இணைப்பு நிரம்பி வழிவதால் இழப்பு வருகிறது என்ற கருத்து இங்கேயே அடிபட்டது.

யூடிபியில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு கிடையாது. போனது போனதுதான், போனது என்று சொல்லவும் ஆள் இல்லை. தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபியில் இழப்பு வேகக் குறைவாக வெளிப்படும், இங்கே அது படத்தின் ஓட்டையாக வெளிப்படுகிறது. ஆகவே இழப்பைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பெறும் கணினியில் ஓடும் நிரலுக்கே வந்து சேர்கிறது.

எண்ணத் தொடங்குவதற்கு முன் ஒரு தவறான சாட்சியை விலக்க வேண்டியிருந்தது. நெட்வொர்க் கார்டின் புள்ளிவிவரத்தை ஐபி லிங்க் கட்டளையால் பார்த்தால், பெறும் பக்கத்தில் "டிராப்ட்" (கைவிடப்பட்டவை) என்ற தலைப்பின் கீழ் எண் ஏறிக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு 30, மணிக்கு 1,800, நாள் முழுவதும் அதே சீரில். உடன் பணிபுரிபவர் ஒருவர் இதைக் காட்டி, கார்டு கெட்டுவிட்டது என்று உறுதியாக நம்பினார். இவ்வளவு ஒழுங்காக ஏறும் எண்தான் என் ஐயத்தைக் கிளப்பியது, ஏனெனில் நெரிசலால் வரும் இழப்பு இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. சுவிட்சுகள், இணைப்பில் வட்டம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறைப்படி 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் அறிவிப்புச் சட்டங்களை (கம்பியில் ஓடும் தரவுப் பொதிகளை) இந்தக் கணினியில் வாங்கிக்கொள்ள எந்த நிரலும் இல்லை. வாங்க ஆளில்லாத சட்டங்களையும் லினக்ஸின் மையமான கெர்னல், 2.6.37 பதிப்பிலிருந்து இந்தக் கவுண்ட்டரிலேயே சேர்த்துவிடுகிறது. வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவி ஓடும் நேரத்தில் அந்த எண் ஏறாமல் நின்றதும், அதை நிறுத்தியவுடன் மீண்டும் ஏறியதும் இதை உறுதிப்படுத்தின. டிசிபிடம்ப் எல்லாச் சட்டங்களையும் வாங்கிக்கொள்வதால், அந்த நேரத்தில் அவை ஆளில்லாதவை அல்ல.

அடுத்து, இழப்பை நேரடியாக எண்ணும் சிறு நிரலை சி மொழியில் எழுதினேன். ஆர்டிபி தலைப்பில் 16 பிட் வரிசை எண் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது ஒன்று கூடும், 65,535ஐ அடைந்ததும் சுழியத்துக்குத் திரும்பும். எங்கள் வேகத்தில் இந்தச் சுற்று 2 நிமிடம் 18 விநாடிக்கு ஒருமுறை முடிகிறது. அடுத்த எண்ணுக்குப் பதிலாக வேறு எண் வந்தால் இடையில் உள்ளவை தொலைந்தன என்று உடனே எண்ணிவிடுவது எளிது, ஆனால் பிழை: வரிசை மாறித் தாமதமாக வரும் பாக்கெட்டையும் இழப்பாக எண்ணிவிடும். ஆர்டிபியை வரையறுக்கும், 2003இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3550 என்ற ஆவணம் இதற்கு நிதானமான வழியைச் சொல்கிறது. சுற்றுகளையும் சேர்த்து நீட்டிய மிக உயர்ந்த வரிசை எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வந்திருக்க வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும். அதிலிருந்து உண்மையில் வந்த எண்ணிக்கையைக் கழித்தால் இழப்பு. தாமதமாக வந்ததும் வந்ததாகவே கணக்கில் சேரும். என்கோடர் மறுதொடக்கம் ஆகும்போது வரிசை எண் எங்கோ தாவும் என்பதால், 3,000க்கு மேற்பட்ட தாவலை இழப்பாக எண்ணாமல் புதிய தொடக்கமாகக் கொள்ளும் அதே ஆவணத்தின் விதியையும் எடுத்துக்கொண்டேன்.

பழைய என்கோடர்கள் இரண்டு ஆர்டிபி இல்லாமல் வெறும் யூடிபியில் அனுப்புகின்றன. அவற்றுக்கு டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமுக்குள் இருக்கும் தொடர்ச்சி எண்ணைத்தான் நம்ப வேண்டும். அது ஒவ்வொரு பிஐடிக்கும் (வீடியோ, ஆடியோ போன்ற ஒவ்வோர் ஓட்டத்தின் அடையாள எண்) தனித்தனியாக ஓடும் 4 பிட் எண், அதாவது 16க்கு ஒருமுறை சுற்றும். ஒரு யூடிபி பாக்கெட் தொலைந்தால் 7 துண்டுகள் போகும். அவை முழுவதும் வீடியோவாக இருந்தால் எண் 7 தாவுவது தெரியும். ஆனால் ஒரே பிஐடியின் துண்டுகள் சரியாக 16 போனால் இழப்பே தெரியாது. தரவு இல்லாத துண்டுகளில் இந்த எண் கூடாது. 8191 என்ற வெற்றுப் பிஐடியில் அதற்குப் பொருளே இல்லை. இவற்றைக் கவனிக்காமல் எழுதிய என் முதல் வடிவம் இல்லாத இழப்புகளைக் காட்டியது. இழப்பு நடந்ததா என்று அறிய இந்த எண் போதும், எத்தனை என்று அறியப் போதாது என்ற முடிவுக்கு வந்து, அளவீட்டை ஆர்டிபி சேனல்களில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு இடறல்களைச் சொல்ல வேண்டும். எங்கள் சேனல்கள் எல்லாம் ஒரே போர்ட் எண்ணில், வெவ்வேறு மல்டிகாஸ்ட் முகவரிகளில் வருகின்றன. என் நிரல் போர்ட் எண்ணை மட்டும் சொல்லி, முகவரியைக் குறிப்பிடாமல், பாக்கெட்டுகளை நிரல் வாங்கிக்கொள்ளும் வாயிலான சாக்கெட்டைப் பிணைத்திருந்தது. லினக்ஸில் அப்படிச் செய்தால், அந்தக் கணினியில் வேறு எந்த நிரல் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்திருந்தாலும், அதே போர்ட்டுக்கு வரும் அத்தனையும் என் சாக்கெட்டுக்கும் வரும். 24 சேனல்களின் வரிசை எண்கள் ஒன்றோடொன்று கலந்ததால் இழப்புக் கணக்கு ஆயிரக்கணக்கில் போனது. குழுவின் முகவரியோடு சேர்த்துப் பிணைத்ததும் சரியானது; ஐபி மல்டிகாஸ்ட் ஆல் என்ற சாக்கெட் தெரிவைச் சுழியமாக வைப்பதும் இன்னொரு வழி. இரண்டாவது, ஒவ்வோர் இழப்பையும் அந்த நொடியே திரையில் அச்சிட்டேன். அச்சிடும் நேரத்தில் நிரல் படிப்பதை நிறுத்துகிறது, அதனால் மேலும் இழப்பு உண்டாகிறது. அளக்கும் கருவியே அளக்கப்படும் நோயை உண்டாக்கக் கூடாது என்பதால், இழப்புகளை நினைவகத்தில் குறித்துவைத்து 10 விநாடிக்கு ஒருமுறை மட்டும் எழுதும்படி மாற்றினேன்.

நிரல் தயாரானது. வரிசை எண்ணில் இடைவெளி விழுந்தால் எத்தனை தொலைந்தன என்று இனி அது சொல்லிவிடும். ஆனால் வரிசை எண் இடைவெளி, பாக்கெட் வழியில் தொலைந்ததா, வீட்டு வாசல் வரை வந்து உள்ளே தொலைந்ததா என்பதைச் சொல்லாது. அதை அறிய, கம்பியிலிருந்து நிரல் வரை பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு வாசலிலும் எந்தக் கவுண்ட்டர் இருக்கிறது, அது எதற்கு ஏறும் என்பதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். கையேட்டைப் படித்தால் மட்டும் மனம் ஒப்பவில்லை. அதே மாதிரி நெட்வொர்க் கார்டு உள்ள உதிரிக் கணினி ஒன்றையும், அனுப்புவதற்கு இன்னொரு கணினியையும் மேசையில் இணைத்து, ஒவ்வொரு வாசலிலும் வேண்டுமென்றே இழப்பை உண்டாக்கிப் பார்த்தேன். இந்த ஒரு நாள் வேலைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அனுப்பும் கணினியில் டிசி கட்டளையின் நெட்எம் வசதியால் நூற்றுக்கு ஒரு பாக்கெட்டைக் கைவிடச் செய்தேன். பெறும் கணினியில் வரிசை எண் இடைவெளி ஒரு சதவீதம் காட்டியது. ஆனால் கார்டிலோ கெர்னலிலோ ஒரு கவுண்ட்டர் கூட அசையவில்லை. வழியில் தொலைந்த பாக்கெட்டைப் பற்றிப் பெறும் கணினிக்கு எதுவும் தெரியாது என்பது கேட்கும்போது இயல்பாகத் தோன்றலாம், ஆனால் நடைமுறையில் இதன் பயன் பெரிது. எல்லாக் கவுண்ட்டரும் அசையாமல் இருக்க வரிசை எண் மட்டும் தாவினால், குற்றம் கணினிக்கு வெளியே இருக்கிறது.

அடுத்து கார்டு. கார்டுக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதிலிருந்து பாக்கெட்டுகள் கணினியின் நினைவகத்தில் உள்ள ரிங் பஃபர் என்ற வட்டமான காத்திருப்பு இடத்துக்கு நேரடியாக எழுதப்படுகின்றன. என் கார்டு இன்டெல் நிறுவனத்தின் ஐஜிபி டிரைவரில் ஓடுவது. அதன் ரிங் அளவு இயல்பாக 256 இடங்கள், 4,096 வரை கூட்டலாம். ஈத்டூல் கட்டளையால் ரிங்கை மிகச் சிறியதாக்கிவிட்டு, கெர்னலிலேயே இருக்கும் பாக்கெட் உற்பத்தி மாட்யூலால் 64 பைட் சட்டங்களை வெள்ளமாக அனுப்பினேன். ஒரு கிகாபிட் இணைப்பில் இவை விநாடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வரலாம். இரண்டு கவுண்ட்டர்கள் ஏறின. ரிங்கில் இடமில்லை என்பதைச் சொல்லும் "நோ பஃபர்" கவுண்ட்டர் முதலில் ஏறியது. கார்டின் உள் நினைவகமும் நிரம்பிய பிறகே "மிஸ்ட்" கவுண்ட்டர் ஏறியது. முதல் கவுண்ட்டர் எச்சரிக்கை மட்டுமே, அந்தப் பாக்கெட் கார்டுக்குள் காத்திருந்து பிறகு உள்ளே வந்துவிடலாம். இரண்டாவதுதான் உண்மையான இழப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பதறுபவர்கள் உண்டு.

கார்டுக்கு மேலே, ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு வரியாகக் கெர்னல் வைத்திருக்கும் சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற கோப்பு இருக்கிறது. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். அதை மறந்து படித்தால் கணக்கு தப்பும். முதல் நெடுவரிசை கையாண்ட பாக்கெட்டுகள், இரண்டாவது இடமின்றிக் கைவிட்டவை, மூன்றாவது வேலை மீதமிருக்க நேரமோ பங்கோ தீர்ந்து பாதியில் நிறுத்திய தடவைகள். இங்கே பங்கு என்பது ஒரு சுற்றில் 300 பாக்கெட். இரண்டாவது நெடுவரிசையை அசைக்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை. காரணம் பிறகு புரிந்தது: இன்றைய கார்டு டிரைவர்கள் பாக்கெட்டை அந்த இடைநிலை வரிசையில் வைக்காமல் நேராகவே மேலே ஒப்படைக்கின்றன; பாக்கெட்டுகளை மென்பொருள் வழியாக வேறு சிபியூக்களுக்குப் பகிரும் ஏற்பாடு இயக்கப்பட்டிருந்தால்தான் கார்டிலிருந்து வருபவை அந்த வரிசைக்குள் போகும். எனவே அந்த வரிசையின் நீளத்தைக் கூட்டுமாறு பல இடங்களில் காணும் அறிவுரை, எங்கள் நிலைமைக்கு எந்தப் பயனும் தராது.

கடைசி வாசல் சாக்கெட். பெறும் நிரலுக்கு நிறுத்தச் சமிக்ஞை அனுப்பி 10 விநாடி உறங்க வைத்தேன். சாக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையின் நினைவக விவரத்தில், ஆர் என்ற எழுத்தை அடுத்த எண், அதாவது படிக்கப்படாமல் காத்திருக்கும் அளவு, கண் இமைக்கும் நேரத்தில் ஏறி 2 லட்சத்தைத் தாண்டி நின்றது. அதன் பிறகு டி என்ற எழுத்தை அடுத்த எண், கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கியது. அதே அளவுக்கு என்ஸ்டாட் கட்டளையில் யூடிபியின் "ஆர்சிவிபஃப் எர்ரர்ஸ்" என்ற கவுண்ட்டரும் ஏறியது. அதோடு "இன் எர்ரர்ஸ்" என்ற கவுண்ட்டரும் ஏறும். இது முந்தையதையும் உள்ளடக்கிய மொத்தம் என்பதால் இரண்டையும் கூட்டக் கூடாது.

இங்கே நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். படிக்கப்படும் வரை பாக்கெட்டுகள் காத்திருக்கும் சாக்கெட் பஃபரின் இயல்பான அளவு 2,12,992 பைட். 1,328 பைட் பாக்கெட்டுகள் 160 அதில் அடங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் 90ஐ ஒட்டியே தங்கின. கெர்னல் பாக்கெட்டின் உள்ளடக்கத்தை மட்டும் எண்ணுவதில்லை. அதற்கென ஒதுக்கிய முழு நினைவகத்தையும், அதைச் சுற்றிய தன் குறிப்புக் கட்டமைப்பையும் சேர்த்தே எண்ணுகிறது. என் கார்டில் ஒரு பாக்கெட்டுக்கு அது 2,304 பைட். 2,12,992ஐ 2,304ஆல் வகுத்தால் 92. விநாடிக்கு 475 என்ற வேகத்தில் அது ஐந்தில் ஒரு விநாடிக்குக் கூடப் போதாது. நிரல் அந்த நேரத்துக்கு வேறெங்காவது கவனத்தைத் திருப்பினால், வந்து சேர்ந்த பாக்கெட் வாசலிலேயே கைவிடப்படும்.

இந்த அறிவோடு உண்மையான கணினிக்குத் திரும்பினேன். ஒரு மணி நேரம் எல்லாக் கவுண்ட்டர்களையும் முன்னும் பின்னும் குறித்தேன். கம்பியில் சிதைந்து வந்த சட்டங்களைக் குறிக்கும் சிஆர்சி பிழை கார்டில் சுழியம், மிஸ்ட் சுழியம். சாஃப்ட்நெட்டின் மூன்றாவது நெடுவரிசை மட்டும் சிறிது ஏறியிருந்தது, அது இழப்பு அல்ல என்பதால் கடந்து சென்றேன். ஆர்சிவிபஃப் எர்ரர்ஸ் மட்டும் 3,146 ஏறியிருந்தது. ஆனால் என் அளவு நிரல் இழப்பே இல்லை என்றது. முதலில் இது முரண்பாடாகப் பட்டது. மல்டிகாஸ்ட் பாக்கெட் ஒன்றை இரண்டு நிரல்கள் கேட்டால் கெர்னல் ஆளுக்கொரு நகலைக் கொடுக்கிறது, ஒவ்வொரு சாக்கெட்டும் தனியாகவே நிரம்புகிறது, யூடிபியின் மொத்தக் கவுண்ட்டரோ கணினி முழுவதற்கும் பொதுவானது. எஸ்எஸ் கட்டளையில் சாக்கெட் வாரியாகப் பார்த்தபோது என் நிரலின் டி எண் சுழியமாகவும், பதிவு நிரலின் 24 சாக்கெட்டுகளின் டி எண்களின் கூட்டுத்தொகை சரியாக 3,146ஆகவும் இருந்தன. அந்த இரண்டு எண்களும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பல வாரங்கள் கேபிளையும் சுவிட்சையும் சந்தேகித்தோம். பாக்கெட்டுகள் எல்லாமே வீடு வந்து சேர்ந்து, கடைசிப் படியில்தான் விழுந்திருக்கின்றன.

ஒரு சேனலின் பாக்கெட்டுகளை 5 நிமிடம் டிசிபிடம்ப்பால் பிடித்தும் சரிபார்த்தேன். டிசிபிடம்ப் சாக்கெட் பஃபருக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது. எனவே அதன் பதிவில் வரிசை எண்கள் முழுமையாக இருந்து, நிரலின் பதிவில் ஓட்டை இருந்தால், இழப்பு இரண்டுக்கும் இடையில்தான். அப்படியே இருந்தது. இதைச் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும்: முடிவில் அது சொல்லும் "கெர்னல் கைவிட்டவை" என்ற எண் டிசிபிடம்ப்பின் சொந்த பஃபர் நிரம்பியதால் அது பார்க்கத் தவறியவை; நெட்வொர்க் இழப்பும் அல்ல, நிரலின் இழப்பும் அல்ல. அந்த எண் சுழியமாக இல்லாத பிடிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதே வன்தட்டில் எழுதினால் அதுவும் தடுமாறும் என்பதால், நினைவகத்தில் இருக்கும் கோப்பகத்தில் எழுத வைத்தேன். 5 நிமிடத்துக்கு 200 மெகாபைட் போதுமாயிருந்தது.

பதிவு நிரல் ஏன் ஐந்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது? எங்கள் கண்ட்ரோல் ரூமுக்காகவே எழுதப்பட்ட அந்தச் சிறு நிரல், ஒரு சேனலுக்கு ஒன்றாக, சாக்கெட்டிலிருந்து படித்து, உடனே கோப்பில் எழுதி, மீண்டும் படிக்கப் போகிறது. நிரல் கெர்னலை அழைக்கும் ஒவ்வோர் அழைப்பையும் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை ஒரு சேனலின் நிரலில் மட்டும் பொருத்தி, ஒவ்வொரு முறை எழுத எடுக்கும் நேரத்தைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான எழுதும் அழைப்புகள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக முடிந்தன. இடையிடையே ஒன்று 0.7 விநாடி, ஒன்று 1.3 விநாடி என்று நின்றது. எழுதும் தரவு முதலில் நினைவகத்தில்தான் தேங்குகிறது. தேக்கம் வரம்பை மீறும்போது கெர்னல் எழுதுபவரையே காத்திருக்க வைக்கிறது. 24 கோப்புகளுக்கு மாறி மாறி எழுதும் வன்தட்டில் அந்தக் காத்திருப்பு நீளம். பிற்பகலில் பழைய பதிவுகளை யூஎஸ்பி டிரைவுக்கு நகலெடுக்கும் வேளையில்தான் இழப்பு உச்சத்தில் இருந்தது என்பதும் பொருந்தியது. 1.3 விநாடி நின்றால் 617 பாக்கெட்டுகள் வரும், 92 தங்கும், மீதி போகும்.

உடனடித் தீர்வாகப் பஃபரைப் பெரிதாக்கினேன். நிரலில் 8 மெகாபைட் கேட்டேன். அழைப்பு வெற்றி என்றே திரும்பியது. ஆனால் இழப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அளவைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது 4,25,984 என்று இருந்தது. கேட்ட அளவு ஆர்மெம் மேக்ஸ் என்ற வரம்பை மீறினால் கெர்னல் மறுக்காமல், அந்த வரம்புக்கே சத்தமின்றி வெட்டிவிடுகிறது. பிறகு தன் குறிப்புச் செலவுக்காக அதை இரட்டிப்பாக்குகிறது. 2,12,992இன் இருமடங்குதான் அந்த எண். சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் வரம்பை உயர்த்திய பிறகு 1,67,77,216 கிடைத்தது, அதாவது 15 விநாடி தாங்கும் இடம். பஃபர் அளவை அமைக்கும் எந்த நிரலும் அதைத் திரும்பப் படித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இழப்பு நின்றது, ஆனாலும் வேலை முடிந்ததாக நான் எண்ணவில்லை. பெரிய பஃபர் தடங்கலை மறைக்கிறது, நீக்குவதில்லை. வன்தட்டு இன்னும் மோசமானால் அதுவும் வழியும். நேரலையாக மறு ஒளிபரப்பு செய்யும் நிரலாக இருந்தால் தேங்கிய ஒவ்வொரு பாக்கெட்டும் தாமதமாகவும் மாறும். பதிவு நிரலை, ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு இழைகளாகப் பிரித்தேன்: ஒன்று சாக்கெட்டிலிருந்து படித்து 16 மெகாபைட் சுழல் நினைவகத்தில் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது, மற்றொன்று அதிலிருந்து எடுத்துப் பெரிய துண்டுகளாகக் கோப்பில் எழுதும். அந்த நினைவகம் மட்டும் சுமார் 26 விநாடி தாங்கும். தேங்கிய தரவை வட்டுக்கு அனுப்பத் தொடங்கும் வரம்பையும் குறைத்து, சிறிது சிறிதாக, தொடர்ந்து எழுதச் செய்தேன். அதன் பிறகு சாக்கெட் பஃபருக்கு 2 மெகாபைட் கேட்டாலே போதுமானதாக இருந்தது.

இதோடு எஸ்ஓ ஆர்எக்ஸ்க்யூ ஓவிஎஃப்எல் என்ற சாக்கெட் தெரிவையும் நிரலில் சேர்த்தேன். கெர்னல் 2.6.33 முதல் இருக்கும் இந்த வசதி, அந்தச் சாக்கெட் பிறந்ததிலிருந்து கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை, படிக்கும் பாக்கெட்டோடு இணைப்புச் செய்தியாகக் கொடுக்கிறது. முதல் இழப்பு நிகழும் வரை அந்தச் செய்தி வரவே வராது. வசதி வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடிய பிறகே இதை உணர்ந்தேன். எண்ணிக்கை பாக்கெட் வரிசையில் சேர்ந்த கணத்தினுடையது, படித்த கணத்தினுடையது அல்ல. ஆகவே ஓர் இழப்பு அதற்கு அடுத்து உள்ளே வந்த பாக்கெட்டில்தான் தெரியும். இந்தத் தெரிவை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், வரிசை எண் காட்டும் மொத்த இழப்பிலிருந்து இதைக் கழித்தால், மீதி சாக்கெட்டுக்கு முன்னால் நடந்தது என்பதை நிரலே தன் பதிவேட்டில் எழுதிவிட முடியும் என்பதுதான். எந்தச் சேனலில், எந்த நொடியில், உள்ளேயா வெளியேயா என்று மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும்.

அந்த வரி இரண்டு வாரத்திலேயே பயன்பட்டது. ஒரு நாள் காலை, ஒவ்வொரு சேனலிலும் ஒன்று இரண்டு பாக்கெட்டுகள் இழப்பு, சாக்கெட் இழப்பு சுழியம் என்று பதிவேடு காட்டியது. வன்தட்டுத் தடங்கலால் வரும் இழப்பு ஒரு சேனலில் கொத்தாக வரும். இதுவோ எல்லாச் சேனல்களிலும் ஒரே நிமிடத்துக்குள் சிதறி வந்தது. எல்லாச் சேனல்களும் சேர்ந்து வரும் பாதையில் குறை இருக்க வேண்டும். என் கார்டின் சிஆர்சி பிழை அப்போதும் சுழியமே. ஆனால் சுவிட்ச் ஒரு சட்டத்தை முழுவதும் வாங்கிச் சரிபார்த்த பிறகே முன்னால் அனுப்புகிறது என்பதால், மேல் பாதையில் சிதைந்த சட்டம் என்னிடம் சிதைந்ததாக வராது, வராமலே போகும். பிழை, அதை வாங்கிய போர்ட்டில் மட்டுமே பதிவாகும். சுவிட்சின் மேலாண்மைப் பக்கத்தில், என்கோடர் ரேக்கிலிருந்து வரும் இணைப்பின் போர்ட்டில் சிஆர்சி பிழை 61 என்று இருந்தது. அந்தக் கேபிளின் முனையை அசைத்தபோது எண் 70ஐத் தாண்டியது.

முனையை வெட்டி, புதிய கனெக்டரைக் கிரிம்ப் செய்து, கவுண்ட்டரைச் சுழியமாக்கினேன். மறுநாள் காலை அந்தப் போர்ட்டில் சுழியம். பதிவேட்டின் 24 வரிகளிலும் வெளி இழப்பு சுழியம், உள் இழப்பு சுழியம். முதல் முறை கேபிள் மாற்றியபோது நாங்கள் மாற்றியது சுவிட்சுக்கும் பதிவுக் கணினிக்கும் இடையிலிருந்த, எந்தக் குறையும் இல்லாத கேபிளை. அது இன்னும் ரேக்கின் பின்னால் சுருட்டி வைத்தபடி இருக்கிறது; அடுத்த இணைப்புக்கு அதையே பயன்படுத்தப் போகிறேன்.